சாந்தம் வேறு, மௌனம் வேறு

பத்திரிகை ஆசிரியபீடத்தில் காலத்தைக் கழித்தவர்களுக்கு விழா மலர்கள் புதியன அல்ல. குருத்துவ வெள்ளிவிழா, ஆலயத் திறப்புவிழா, பாடசாலை நூற்றாண்டு என்று ஏதேனும் ஒரு மலர் மேசைக்கு வந்துகொண்டேயிருக்கும். அவற்றின் வாழ்த்துரைகளில் தவறாது இடம்பெறும் சொல் 'தாழ்மை'. விழா நாயகர் தாழ்மையின் உறைவிடம், எளிமையின் சிகரம். அதே விழாவைப் பற்றிய செய்தி வெளியான காலையில் தொலைபேசி ஒலிக்கும். மங்கள விளக்கேற்றியவர்களின் வரிசையில் தமது பெயர் மூன்றாவதாக வந்துவிட்டதே என்பது ஒருவரின் முறைப்பாடு. பெயருக்கு முன்னாலுள்ள பட்டங்கள் சுருக்கப்பட்டுவிட்டன என்பது இன்னொருவரின் துயரம்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய நோய் அன்று. ஆயினும் தாழ்மையைத் தமது சமயத்தின் நடுவிலே வைத்திருப்பவர்கள் அவர்கள். நானும் அவர்களில் ஒருவன் என்பதால் இதை எழுதும் உரிமை எனக்கு உண்டு என்று எண்ணுகிறேன்.

தமிழில் தாழ்மையைப் பேசுவது மிக இலகு. அடியேன், சிறியேன், நாயேன் என்று நமது பக்தி மரபு தந்துள்ள சொற்கள் ஏராளம். கிறிஸ்தவத் தமிழும் அவற்றைத் தாராளமாக எடுத்துக்கொண்டது. சொல் இவ்வளவு மலிந்த இடத்தில் பொருளைத் தேடுவதற்கு ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. ஒருவர் தம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறார் என்பதை விட்டுவிட்டு, எதை இழக்கச் சம்மதித்தார் என்று பார்ப்பதே அது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கும்போது என் நினைவுக்கு முதலில் வருபவர் புனித யோசப் வாஸ் அடிகளார். 1651ஆம் ஆண்டு கோவாவிலுள்ள பெனாலிம் கிராமத்தில் கொங்கணிப் பிராமணக் கத்தோலிக்கக் குடும்பமொன்றில் பிறந்தவர். கோவாவில் அவருக்கு நற்பெயர் இருந்தது. ஒரட்டோரியன் சபையின் தலைமைப் பொறுப்பும் கைக்கு வந்திருந்தது. அதை விட்டுவிட்டு 1686இல் புறப்பட்டு, 1687இல் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. கத்தோலிக்கக் குருமார் நாட்டில் இருக்கக்கூடாது; அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவருக்கு மரண தண்டனை என்பது சட்டம். கத்தோலிக்கர் யார் என்று அறிய அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். செபமாலையைக் கண்டதும் யாருடைய முகம் மாறுகிறது என்று பார்ப்பதே உபாயம். பின்னர் சில்லாலைக் கிராமம் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றியது.

கண்டியில் அவர் செய்த பணி இதனினும் கடினமானது. 1692இல் அங்கு சென்றபோது போர்த்துக்கேய ஒற்றர் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். 1697இல் பெரியம்மை பரவியது. நோய் கண்டவர்களை உறவினரே காட்டோரத்தில் விட்டு ஓடினர். அடிகளாரும் அவருடைய மருமகனான இன்னொரு குருவும் அந்தக் குடில்களைக் கூட்டிக் கழுவினர், கஞ்சி கொடுத்தனர், இறந்தவர்களைத் தாமே அடக்கம் செய்தனர். அவர் பிறந்த சாதியில் பிறரின் பிணத்தைத் தொடுவது எவ்வளவு பெரிய தீட்டு என்பதை வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவருடைய சபையே அந்நாளில் கோவாப் பிராமணரை மாத்திரம் சேர்த்துக்கொண்ட சபை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தச் சபையின் ஆள் கண்டிக் காட்டில் அந்நியரின் புண்ணைக் கழுவினார். ஆயர் பதவி பற்றிய பேச்சு எழுந்தபோது வேண்டாம் என்றார். 1711 ஜனவரி 16இல் கண்டியில் இறந்தார். 2015இல் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது திரண்ட கூட்டம் கொஞ்சநஞ்சமன்று. அவரது கல்லறை கண்டியில் எந்த இடத்தில் இருந்தது என்பது மட்டும் இன்றும் திட்டமாகத் தெரியாது.

நமது பிரசங்கங்களில் அவர் கதை பெரும்பாலும் இங்கே முடிந்துவிடுகிறது. பணிந்தார், பொறுத்தார், நீங்களும் பணியுங்கள், பொறுங்கள் என்று சபைக்குச் சொல்லப்படுகிறது. இதில் எனக்கு உடன்பாடில்லை. இருபத்துநான்கு ஆண்டுகள் ஒல்லாந்தரின் சட்டத்தை நாள்தோறும் மீறி வாழ்ந்த மனிதர் அவர். 1689 நத்தார் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெரும் தேடுதல் நடந்து கத்தோலிக்கர் பலர் கைதான பின்னரும் அவர் இத்தீவை விட்டுப் போகவில்லை. தமக்கு நேர்ந்த அவமானத்தை அவர் எதிர்க்கவில்லை. மக்களிடமிருந்து பூசையையும் ஞானஸ்நானத்தையும் பறித்த ஆணைக்குக் கீழ்ப்படியவும் இல்லை. இரண்டும் சேர்ந்ததுதான் சாந்தம்.

வேதாகமமும் இப்படித்தான் காட்டுகிறது. பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் சாந்தமானவர் என்று எண்ணாகமம் சொல்வது மோசேயை. தமக்கையும் தமையனும் தம்மைப் பழித்தபோது அவர் தமக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அடிமைப்பட்ட சனத்துக்காகப் பார்வோனின் முன்னே திரும்பத் திரும்பப் போய் நின்றவரும் அவரே. மறு கன்னத்தைக் காட்டச் சொன்ன இயேசு, பிரதான ஆசாரியரின் வீட்டில் காவலன் அறைந்தபோது திருப்பி அடிக்கவில்லை. ஏன் அடித்தாய் என்று கேட்டார். அந்தக் கேள்வியை வைத்துப் பிரசங்கம் செய்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை.

தாழ்மை யாருக்குப் போதிக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேவாலயங்களில் சாதிவாரியாக இருக்கை பிரித்திருந்த காலம் ஒன்று இருந்தது. அக்காலத்தில் தாழ்மை வேண்டும் என்ற உபதேசம் நிலத்தில் அமர்த்தப்பட்டவனின் காதிலேதான் அதிகம் விழுந்திருக்கும். வாங்கில் இருந்தவரை எழுந்து நிலத்துக்கு வா என்று யார் கேட்டார்? பெரிய வியாழனன்று சீடர்களின் பாதங்களைக் கழுவியவர் பந்தியின் தலைவர். பணிவிடை செய்யப் பிறந்தவன் என்று கருதப்பட்டவனைப் பார்த்து மேலும் பணிந்திரு என்று சொல்வதற்கு அந்தச் சம்பவத்தில் இடமே இல்லை. கணவனிடம் அடிபட்டு வரும் பெண்ணுக்கும் இதே உபதேசம் கொடுக்கப்படுகிறது. உபதேசிப்பவர் வீட்டுக்குச் சென்று நிம்மதியாக உறங்குகிறார்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் வீதியோரத்தில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கினர். அது ஆண்டுக்கணக்கில் நீண்டது. பிள்ளை எங்கே என்ற விடையைக் கேளாமலே பெற்றோர் பலர் இறந்துபோயினர். மன்னிப்போம், மறப்போம், பொறுமையே கிறிஸ்தவப் பண்பு என்று அவர்களுக்குச் சொல்லத் துணிந்தவர்கள் உண்டு. மன்னிப்பது அந்தத் தாய்மாருக்கு உரிய உரிமை. அதை அவர்கள் சார்பில் வேறு எவரும் வழங்க முடியாது.

இவ்விடத்தில் மன்னார் ஆயராயிருந்த இராயப்பு யோசப் ஆண்டகையைக் குறிப்பிட வேண்டும். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் அவர் வைத்தது ஒரு கழித்தல் கணக்கு. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோர் 429,059 பேர். 2009 ஜூலை வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380 பேர். மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். முதலாவது கச்சேரியிலிருந்தும் இரண்டாவது ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கையிலிருந்தும் பெறப்பட்ட எண்கள். அவர் வசைபாடவில்லை, எவரையும் சபிக்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதற்காக அவர் கேட்க நேர்ந்த ஏச்சுகளும் குற்றச்சாட்டுகளும் பல. அவற்றுக்காகக் கேள்வியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் இல்லை.

அதற்கு உரிய விடை கிடைக்காமலே அவர் 2021 ஏப்ரல் 1ஆம் திகதி காலமானார். அன்று பெரிய வியாழன்.