ஆய்வகங்களையும் எட்டட்டும் வளர்ச்சி!

உயர்கல்வி சேர்க்கையில் தமிழகம் முன்னணியில் இருப்பது பெருமைக்குரியது. அகில இந்திய உயர்கல்வி ஆய்வறிக்கையின்படி, 2021-22-இல் மொத்தச் சேர்க்கை விகிதம் நாட்டளவில் 28.4 சதவீதம், தமிழகத்தில் 47 சதவீதம். ஆனால், வகுப்பறைகள் நிரம்பிய வேகத்தில் ஆய்வகங்கள் வளரவில்லை.

ஆராய்ச்சி, மேம்பாட்டுக்கான செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதமாக உயர்த்த வேண்டும் என 2013-ஆம் ஆண்டின் அறிவியல் கொள்கை இலக்கு வகுத்தது. 2020-21-இல் நாம் செலவிட்டதோ 0.64 சதவீதம் மட்டுமே. சீனா 2 சதவீதத்தை எப்போதோ கடந்துவிட்டது. தென்கொரியா 5 சதவீத அளவை எட்டிவிட்டது.

இதற்கு அரசை மட்டும் குறை கூறுவது முறையாகாது. தென்கொரியாவில் ஆய்வுச் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கைத் தொழில் நிறுவனங்கள் ஏற்கின்றன. இங்கோ பாதிக்கும் மேற்பட்ட சுமை அரசின் தோள்களில்தான். வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை உரிமக் கட்டணம் செலுத்திப் பெறுவது எளிது என்று நம் தொழில்துறை கருதும் வரை இந்நிலை மாறாது.

2023-இல் சட்டமியற்றி உருவாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஆய்வை வளர்ப்பதை நோக்கமாகக் கொண்டுள்ளது. அதன் நிதி, ஐஐடி போன்ற உயர் நிறுவனங்களோடு நின்றுவிடாமல், பெரும்பான்மை மாணவர்கள் பயிலும் மாநிலப் பல்கலைக்கழகங்களையும் சென்றடைய வேண்டும். ஆசிரியர் பணியிடங்கள் காலியாகக் கிடக்க, ஆய்வு செழிக்கும் என எதிர்பார்ப்பது வீண்.

பட்டதாரிகளை உருவாக்கக் கற்றுக்கொண்டோம். அவர்களை ஆய்வாளர்களாக்குவதே அடுத்த கடமை!