நஷ்டம் வேறு, கொலை வேறு

1999 ஜூலை 29ஆம் தேதி, அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் மார்க் பார்ட்டன் என்பவர் இரண்டு பங்கு வணிக அலுவலகங்களில் 9 பேரைச் சுட்டுக் கொன்றார். அதற்கு முன்பே தம் மனைவியையும் இரு பிள்ளைகளையும் கொன்றிருந்தார். போலீசார் நெருங்கியதும் தற்கொலை செய்து கொண்டார்.

சில வாரங்களில் சுமார் 105,000 டாலரை அவர் ‘டே டிரேடிங்’கில் இழந்திருந்தார். பங்கை வாங்கி அன்றே விற்றுவிடும் வணிகம் இது. கடன் வாங்கி இறங்கினால் இழப்பும் அதே வேகத்தில் பெருகும்.

அடுத்த மாதமே, மாநிலப் பங்குச்சந்தைக் கண்காணிப்பாளர்களின் சங்கம் இத்தகைய நிறுவனங்கள் பற்றி அறிக்கை வெளியிட்டது. ஆசை காட்டும் விளம்பரங்களையும் வாடிக்கையாளர்களுக்கு இடையிலான கடன் ஏற்பாடுகளையும் அது கண்டித்தது. பத்தில் ஏழு பேர் பணத்தை இழப்பார்கள் என்றும் எச்சரித்தது. செனட் குழுவும் விசாரித்தது.

இந்தக் குற்றச்சாட்டுகளைத் தள்ளிவிட முடியாது. நிறுவனம் ஏமாற்றியிருந்தால் அதற்குப் புகார் உண்டு, வழக்கு உண்டு. ஆனால், பணத்தை இழந்த மற்றவர்கள் துப்பாக்கியைத் தூக்கவில்லையே! சுடப்பட்டவர்களில் அவரைப் போன்ற வாடிக்கையாளர்களும் இருந்தனர். பிள்ளைகளுக்கும் பங்குச்சந்தைக்கும் என்ன சம்பந்தம்?

ஏமாற்றியதற்கு நிறுவனம் பதில் சொல்லட்டும். கொலைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கொன்றவர் மட்டுமே.