கைக்கு எட்டியது வாய்க்கும் எட்ட

"கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை" என்று அதிர்ஷ்டம் கெட்டவர்களைக் குறித்துச் சொல்வது நமது வழக்கம். இந்தப் பழமொழி எழுத்துக்கு எழுத்து உண்மையாகிவிடக்கூடிய குழந்தைகளும் உலகத்தில் பிறக்கிறார்கள். அவர்களைப் பற்றியே இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

நமது முன்கையில் இரண்டு எலும்புகள் உண்டு. கட்டைவிரல் பக்கத்து எலும்புக்கு ரேடியஸ் என்றும், சுண்டுவிரல் பக்கத்து எலும்புக்கு அல்னா என்றும் பெயர். 30,000 முதல் 1,00,000 பிரசவங்களுக்கு ஒன்று என்ற வீதத்தில், ரேடியஸ் குட்டையாகவோ அடியோடு இல்லாமலோ குழந்தை பிறப்பதுண்டு. ஒரு பக்கத்தில் தாங்குவதற்கு எலும்பு இல்லாமற் போகவே, மணிக்கட்டு அந்தப் பக்கம் சாய்ந்து, கை கொக்கிபோல் வளைந்துவிடுகிறது. கட்டைவிரலும் பல குழந்தைகளுக்குச் சிறுத்திருக்கும், அல்லது இராது. அல்னா குறைப்பட்டுப் பிறப்பது இதனினும் அபூர்வம்.

தருமபுரி ஜில்லாவில், மேட்டூர் நீர்த்தேக்கத்துக்குச் சமீபத்திலுள்ள ஏரியூரில் இப்படி ஒரு குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்வோம். முதலில் என்ன நடக்கும்? "கிரகணத்தன்று வெளியே வந்தாயா? கத்தியைத் தொட்டாயா?" என்று பெற்றவளை விசாரணைக் கூண்டில் ஏற்றிவிடுவார்கள். ஆனால் கிரகணத்துக்கும் இதற்கும் எள்ளளவும் சம்பந்தமில்லை. கருத்தரித்த நான்காம் வாரத்துக்கும் எட்டாம் வாரத்துக்கும் இடையில் சிசுவின் கை உருவாகிவிடுகிறது. தான் கர்ப்பவதி என்பதே அப்போது பல பெண்களுக்குத் தெரிந்திராது. சிலருக்கு இது பரம்பரையாக வருகிறது. பெரும்பாலோரிடம் காரணமே தெரிவதில்லை. மருந்தாலும் நேர்வதுண்டு. 1957-ல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட் என்ற மருந்தைக் கர்ப்பிணிகள் உட்கொண்டதால், 1961-ல் அது நிறுத்தப்படுவதற்குள் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கைகால் குறையுடன் பிறந்தன. கிரகணத்துக்குப் பயப்படுகிறவர்கள், வைத்தியரைக் கேளாமல் கடையில் வாங்கும் மாத்திரைக்குப் பயந்தால் பலன் உண்டு.

"குழந்தை கொஞ்சம் வளரட்டும், பார்க்கலாம்" என்று இருந்துவிடுவது இரண்டாவது தவறு. சிகிச்சை பிறந்த முதல் வாரங்களிலேயே ஆரம்பிக்கிறது. மணிக்கட்டை மெதுவாக நீட்டிவிடும் முறையைத் தாய் வைத்தியரிடம் கற்றுக்கொள்ளவேண்டும். பிறகு மாவுக்கட்டும் சிம்பும். இதற்கிடையில் குழந்தையின் இருதயம், மூத்திரக்காய், ரத்தம் ஆகியவற்றைப் பரீட்சிப்பார்கள். ரேடியஸ் குறையோடு அவற்றிலும் கோளாறு சேர்ந்திருப்பதுண்டு.

சதை மிகவும் இறுகியிருந்தால், கைக்கு வெளியே உலோகச் சட்டம் ஒன்றை மாட்டி, நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வீதம் இழுத்து நீட்டுவார்கள். சைபீரியாவிலுள்ள குர்கான் நகரத்தில் இலிசாரோவ் என்ற ருஷ்ய வைத்தியர் வளர்த்த முறை இது. பின்னர், பெரும்பாலும் முதலாவது ஆண்டு நிறைவையொட்டி, ரண சிகிச்சை செய்து, மணிக்கட்டை அல்னாவின் நுனிமேல் நேராக அமர்த்திக் கம்பியால் நிறுத்துகிறார்கள். கட்டைவிரல் இல்லையென்றால், ஆள்காட்டி விரலை அதன் நரம்புகளோடும் ரத்தக் குழாய்களோடும் இடம் மாற்றிக் கட்டைவிரலாக்கிவிடுகிறார்கள்! ஹாம்பர்க் நகரத்து பக்-கிராம்கோ என்பவர் இந்த முறையைச் செம்மைப்படுத்தி 1971-ல் வெளியிட்டார்.

இவ்வளவும் செய்தாலும் முன்கை குட்டையாகவே இருக்கும். வளர வளரக் கை மீண்டும் சாயப் பார்க்கும். ஆகவே பல வருஷங்கள் இரவில் சிம்பு கட்டவேண்டும். இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டவர்கள் பிறகு மனம் உடைய மாட்டார்கள்.

இங்கே ஒரு விசேஷம். முழங்கை மடங்காத குழந்தைக்கு மணிக்கட்டை நேராக்குவதில்லை. ஏனென்றால், அந்த வளைவினால்தான் அதன் விரல்கள் வாயருகே வருகின்றன. வளைவைப் போக்கிவிட்டால் கை பார்வைக்கு அழகாகிவிடும். கவளம் மட்டும் வாய்க்கு எட்டாது! கையால் பிசைந்து உண்ணும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கை எப்படித் தோன்றுகிறது என்பதைவிட என்ன செய்கிறது என்பதே பெரிது. "நேராக்கிக் கொடுங்கள்" என்று பெற்றோர் பிடிவாதம் பிடிக்கும்போது, வைத்தியர் வேண்டாமென்று சொன்னால், அதிலும் கருணை இருக்கலாம்.

இந்தச் சிகிச்சையை நாடிச் சீமைக்குக் கப்பலேற வேண்டியதில்லை. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த பால் பிராண்டு, வேலூரில் குஷ்டரோகிகளின் முடங்கிய கைகளை நிமிர்த்தியதிலிருந்து கை ரண சிகிச்சை தமிழ்நாட்டில் வேரூன்றியது. கோயமுத்தூர் கங்கா ஆஸ்பத்திரியும், டாக்டர் வேங்கடசாமி தொடங்கிய சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியின் கைச் சிகிச்சைப் பிரிவும் பிரசித்தமானவை. மேட்டூர்த் தேக்கத்துக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரே வெள்ளைக்கார கவர்னரின் பெயரையே வைத்தார்கள். ஸ்டான்லி துரை 1934-ல் பதவியை விட்டுப் போனார். தேங்கும் தண்ணீரும் நம்முடையது. சிகிச்சை செய்யும் கைகளும் நம்மவருடையவை.

ஏரியூர்த் தாய் முதலில் சென்னைக்குப் போகவேண்டியதும் இல்லை. தருமபுரியில் 2008 முதல் அரசாங்க வைத்தியக் கல்லூரி இருக்கிறது. பிறவிக் குறைகளைக் கண்டறிய அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் வைத்தியக் குழுக்களை அனுப்பும் தேசீயத் திட்டம் 2013-ல் ஆரம்பமாயிற்று. அங்கிருந்து தகுந்த இடத்துக்கு அனுப்பி வைப்பார்கள்.

பெற்றவளைக் கேள்வி கேட்பதில் அக்கம்பக்கத்தார் செலவழிக்கும் நேரத்தில், ஒருவர் துணைக்குப் புறப்பட்டு அவளைத் தருமபுரி பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும். அந்தக் குழந்தை ஒரு நாள் தன் கையாலேயே சோறு பிசைந்து உண்ணும்.