சுற்றுச்சூழல் வழி ஆங்கில வாசிப்பு



சென்ற பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு தந்தையார் எழுந்து, “ஐயா, ஆங்கிலப் பாட வேளையில் பிள்ளைகளை ஓடைக்கரைக்கு அழைத்துப் போகிறீர்களாமே! ஓடையில் என்ன ஆங்கிலம் இருக்கிறது?” என்று வினவினார். கூட்டத்தில் சிரிப்பொலி எழுந்தது. ஆயினும் அவ்வினா சிரித்து ஒதுக்கத்தக்கதன்று. தம் பிள்ளை முன்னேற வேண்டுமே என்னும் கவலையில் பிறந்த வினா அது. அன்று நேரமின்மையால் சுருங்கக் கூறிய விடையை இம்மலரின் வாயிலாகச் சற்று விரித்துக் கூற விழைகின்றோம்.

நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் தமிழ், கடையிலும் அலுவலகத்திலும் மலாய், ஆங்கிலமோ பெரும்பாலும் வகுப்பறைச் சுவர்களுக்குள் மட்டுமே ஒலிக்கும் மொழி. அதனால் ஒரு விந்தையான நிலை ஏற்படுகின்றது. நான்காம் ஆண்டு மாணவன் ஒரு பத்தியைத் தடங்கலின்றி உரக்கப் படித்துவிடுகின்றான். அதன் பொருள் யாதெனக் கேட்டாலோ வாய்மூடி நிற்கின்றான். எழுத்தை ஒலிக்க மட்டும் அறிந்தவன் வாசிக்கக் கற்றவன் ஆகமாட்டான். 2018ஆம் ஆண்டு முதல் கீழ்வகுப்புகளில் அயல்நாட்டுப் பதிப்பகங்களின் ஆங்கிலப் பாடநூல்களும் பயன்படுத்தப்பட்டன. அவை நல்ல நூல்களே. எனினும், பனிப்பொழிவைக் கண்டிராத பிள்ளை பனிப்பொழிவைப் பற்றிப் படிக்கும்போது இரு சுமைகளை ஒருங்கே சுமக்கின்றது. ஒன்று அறியாத மொழி. மற்றொன்று அறியாத பொருள்.

“அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க” என்பது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எமக்குப் புகட்டப்பட்ட நெறி. அதனைத் தேர்வில் எழுதித் தேறிய நாம், நெடுங்காலம் ஆங்கில வகுப்பில் கையாளவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எம்மைத் திருத்தியது ஒரு பழைய தோம்பு.

எமது பள்ளித் தோட்டத்தில் செடிகளுக்கு நீர் நிரப்பி வைக்கத் தோம்பு ஒன்று பல ஆண்டுகளாகக் கிடந்தது. அது களைக்கொல்லி மருந்து வந்த தோம்பு. நன்றாகக் கழுவியாயிற்று, இனிக் கேடில்லை என எண்ணியிருந்தோம். ஒரு நாள் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, அதில் கிழிந்தும் கிழியாமலும் ஒட்டியிருந்த சீட்டைச் சுட்டிக்காட்டி, “ஐயா, இதில் ‘டூ நாட்’ என்று போட்டிருக்கிறதே, எதைச் செய்யக்கூடாதாம்?” என்று கேட்டாள். குனிந்து படித்தோம். காலியான கலனை வேறெதற்கும் பயன்படுத்தலாகாது என்று அங்கே எழுதியிருந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களாகிய நாம் நாள்தோறும் கடந்து சென்ற வரியை ஒரு சிறுமி நின்று வாசித்தாள்! அன்றே அத்தோம்பு அகற்றப்பட்டது.

மறுநாள் ஆங்கிலப் பாடத்திற்கு அச்சீட்டின் வாசகங்களையே கரும்பலகையில் எழுதினோம். ‘ரின்ஸ்’ என்னும் சொல் எவருக்கும் தெரியவில்லை. அகராதியைத் திறக்க வேண்டா, அருகிலுள்ள சொற்களைப் பாருங்கள் என்றோம். நீர் என்னும் சொல்லும், மூன்று முறை என்னும் சொற்களும் அருகில் இருந்தன. “அலசுவது ஐயா!” என்று ஒரு மாணவன் கூவினான். தெரிந்த சொற்களின் துணைகொண்டு தெரியாத சொல்லை ஊகித்தறியும் திறன் அன்று கைகூடியது. அலசிய பின்னும் ஏன் அதில் நீர் வைக்கலாகாது என்று அடுத்த வினா எழுந்தது. நச்சு முற்றும் நீங்கியதா என்பதைக் கண்ணால் காண இயலாது என விளக்கினோம். கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் பட்டைகள் நச்சின் கடுமையைக் காட்டுவன என்பதையும், அவற்றுள் கறுப்பே மிகக் கொடியது என்பதையும் பிள்ளைகள் அறிந்தனர். அன்று மாலை அவர்கள் வீட்டில் என்ன பேசினரோ, மறுநாள் தாய்மார் சிலர் பள்ளிக்கு வந்து, “மெய்தானா ஐயா? குளிக்கும் தண்ணீரைக்கூட அதில்தானே பிடித்து வைக்கிறோம்!” என்று கேட்டனர். இத்தனை ஆண்டு ஆங்கிலப் போதனையில் எப்பாடத்திற்கும் கிட்டாத பயன் அப்பாடத்திற்குக் கிட்டியது.

ஓடைக்கரைக்குச் சென்றதும் இதன் தொடர்ச்சியே. பிள்ளைகள் நீரின் நிறத்தையும் மணத்தையும் கண்டறிந்து, முதலில் தமிழில் பேசினர். வகுப்பறைக்குத் திரும்பியதும், செம்பனை ஆலைக் கழிவுநீர் தூய்மை செய்யப்படாமல் ஓடையில் கலந்தால் நீரிலுள்ள உயிர்வளி குறைந்து மீன்கள் மடியும் என்பதை எளிய ஆங்கிலத்தில் வாசித்தனர். காரணம் எது, விளைவு எது எனக் கோடிட்டுக் காட்டினர். இதனைத் தடுக்கவே 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டமும், அதன்கீழ் 1977ஆம் ஆண்டில் செம்பனை ஆலைகளுக்கான விதிமுறைகளும் வந்தன என்பதையும் அறிந்தனர். வினவிய தந்தையாருக்கு எம் விடை இதுதான்: ஓடையில் ஆங்கிலம் இல்லை; ஆனால், ஆங்கிலத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான பொருள் அங்கே இருக்கின்றது.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டு அட்டவணையே எமக்குப் பாடநூல். 50 வரை நன்று. 51 முதல் 100 வரை மிதம். 101 முதல் 200 வரை உடல்நலத்திற்குக் கேடு. 300ஐத் தாண்டினால் பேராபத்து. 2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 500ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அட்டவணையில் வேண்டிய செய்தியை விரைந்து தேடி எடுப்பதும் ஒரு வாசிப்புத் திறனே. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி நம் நாட்டில் 2002இல் தடைசெய்யப்பட்டு, 2006இல் தடை தளர்த்தப்பட்டு, 2020 சனவரி முதல் நாள் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது. இச்செய்தியைக் கொண்டு நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தப் பயிற்றலாம். மருந்து அடிக்கும் தாயின் மகனுக்கு இவ்வாண்டுகள் வெறும் எண்களாகத் தோன்றா.

யாவற்றிலும் உயர்ந்த திறன், உண்மை எது, ஒருவரது கருத்து எது எனப் பகுத்தறிவது. செம்பனையே காடுகளை அழித்த பகை என எழுதும் ஆங்கிலக் கட்டுரைகளை நம் பிள்ளைகள் ஒரு நாள் படிக்கத்தான் போகின்றனர். தம் தந்தை குலை வெட்டி ஈட்டிய காசில் படித்தவர்கள், அவ்வரிகளைக் கண்டு தலைகுனிவதா? அன்றிக் கண்ணை மூடிக்கொண்டு மறுப்பதா? இரண்டும் வேண்டா. செம்பனைக்காகக் காடுகள் பல அழிந்தன, ஓராங் ஊத்தான் குரங்குகள் வாழிடம் இழந்தன என்பது உண்மை. ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்கு மூன்று டன்னுக்கும் மேல் எண்ணெய் தரும், சோயா அரை டன் அளவே தரும் என்பதும் உண்மை. இரண்டையும் வாசித்து, எண்ணி, தம் கருத்தைத் தாமே உரைக்கும் ஆற்றலை நம் பிள்ளைகள் பெற வேண்டும். தம் வாழ்வைப் பற்றிப் பிறர் எழுதுவதைத் தாமே படித்தறிய இயலாதவன், பிறர் சொல்வதை நம்பியே வாழ நேரும்.

இவ்வாறு கற்பித்தால் தேர்வுக்கு உதவுமா என்று கேட்பாரும் உளர். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021ஆம் ஆண்டில் அகற்றப்பட்டுவிட்டது. தேர்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பொருளுணர்ந்து வாசிக்கும் பிள்ளை எத்தேர்வுக்கும் அஞ்சாது. பாடநூலை நாம் கைவிடவுமில்லை. பாடநூலுக்குள் நுழைய வாயில் திறக்கின்றோம். தமிழில் பேசுவதால் ஆங்கிலம் கெடும் என்பதும் தவறு. தாய்மொழியில் தெளிந்த பொருளே பிறமொழியில் எளிதில் விளங்கும்.

பெற்றோர்களே! உங்களிடம் நாம் வேண்டுவன இரண்டு. ஆங்கிலம் தெரியாதே என நாணாமல், உங்கள் வேலையைப் பற்றியும் பழைய ஓடையைப் பற்றியும் பிள்ளைகளிடம் தமிழில் கூறுங்கள். வீட்டிற்கு வரும் பொருள்களின் சீட்டுகளைப் படித்துக் காட்டுமாறு அவர்களைக் கேளுங்கள். மருந்துத் தோம்புகளை மட்டும் எக்காரணம் கொண்டும் வீட்டிற்குக் கொண்டு வாராதீர்கள்.

மாணவச் செல்வங்களே! அன்று தோம்பின் முன் நின்று வினவிய மாணவியைப் போல, எழுத்தைக் கண்ட இடத்தில் நின்று படியுங்கள். விளங்காததைக் கேளுங்கள். உங்களிடம் கற்றுக்கொள்ள நாமும் காத்திருக்கின்றோம்.

— தலைமையாசிரியர்