யாருடைய பல்கனி?

பெரு நாட்டின் தலைநகர் லீமாவுக்குப் போய்வந்தேன் என்றதும் இலக்கிய நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "அங்கே நம்முடைய பல்கனிகளைக் கண்டீர்களா?"

கண்டேன். கண்டதனாலேயே இதை எழுத வேண்டியதாயிற்று.

நண்பர் நிறைய வாசிப்பவர். லீமாவின் பிரதான சதுக்கத்தைச் சுற்றியுள்ள மரப் பல்கனிகள் கெய்ரோவின் மஷ்ரபிய்யாக்களின் தூரத்துச் சொந்தங்கள் என்பதும், அந்தலூசியத் தச்சுக்கலை ஸ்பானியரோடு கடல் கடந்து போனது என்பதும் அவருக்குத் தெரியும். "நம்முடைய கப்பல் போகாத கரைக்கும் நம்முடைய கலை போயிருக்கிறது" என்று ஒரு கூட்டத்தில் அவர் சொன்னபோது எழுந்த கைதட்டல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று நானும் கைதட்டியவன்தான். ஆகவே இந்த விமர்சனத்தில் எனக்கும் ஒரு பங்குண்டு.

நான் போனது 2025 ஜூன் மாதம். அந்த மாதத்து லீமாவில் வெயிலும் இல்லை, மழையும் இல்லை. சாம்பல் நிற வானம் தலைக்குமேல் தாழ்ந்து நிற்கும். நடுவில் வெண்கல நீரூற்று; கிழக்கே பேராலயமும் பேராயர் மாளிகையும்; வடக்கே அரச மாளிகை; மேற்கே மாநகர மாளிகை. பேராயர் மாளிகையின் முகப்பில் கறுத்த மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய இரண்டு பெரும் பல்கனிகள். உண்மையில் மூச்சை நிறுத்தும் அழகு. அவற்றின் கீழே நின்று நானும் படம் எடுத்துக்கொண்டேன்.

பிறகு வரலாற்றை விசாரித்தேன். அந்த மாளிகை திறக்கப்பட்டது 1924இல். அரச மாளிகை இன்றைய தோற்றத்தைப் பெற்றது 1938இல். மாநகர மாளிகை 1944இல் எழுந்தது. 1535இல் பிசாரோ நிறுவிய நகரம், 1746இன் பூகம்பத்தில் பெரும்பகுதி இடிந்துபோன நகரம், இருபதாம் நூற்றாண்டில் தனக்கு ஒரு "காலனித்துவ அழகை" மீண்டும் தைத்துப் போட்டுக்கொண்டது. நண்பர் பெருமைப்படும் முகப்புக்கு ஒரு நூற்றாண்டு வயதுதான்.

இதற்கு அவர் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும்: "கட்டடம் புதிதானாலும் பாணி பழையதுதானே?" சரி. சதுக்கத்திலிருந்து சில நிமிட நடையில் 1735ஆம் ஆண்டு டோரே தாக்ளே மாளிகை இருக்கிறது. அதன் பல்கனிகள் அசல். அவற்றில் அந்தலூசியாவின் கை தெரிகிறது என்பதை நான் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. அந்தப் பாணி யாரோடு போனது?

கிரனடா வீழ்ந்தது 1492இல். பெருவுக்குள் நுழைந்த ஸ்பானியர் அந்த வெற்றியின் பிள்ளைகள். லீமாவுக்குத் தெற்கேயுள்ள பச்சகாமக் கோயிலை 1533இல் பிசாரோவின் சகோதரன் எர்னாந்தோ அடைந்தபோது, அவர்களுடைய எழுத்தர்கள் அதை "மெஸ்கித்தா" என்று பதிவு செய்தார்கள். மெஸ்கித்தா என்றால் பள்ளிவாசல். கண்ட கோயிலெல்லாம் அவர்களுக்குப் பள்ளிவாசலாகவே தெரிந்தது, ஏனெனில் இடிக்கவேண்டியதற்கு அவர்களுடைய மொழியில் ஏற்கெனவே இருந்த பெயர் அது. ஸ்பெயினில் முஸ்லிம்களைக் குதிரைக் குளம்பின்கீழ் மிதிப்பவராகச் சித்திரிக்கப்பட்ட புனித சந்தியாகோ, பெருவின் ஓவியங்களில் இந்தியர்களை மிதிக்கத் தொடங்கினார். குதிரையும் வாளும் மாறவில்லை. கீழே கிடப்பவர்தான் மாறினார்.

பாணி இவ்வாறு கப்பலேறியது. ஆனால் அதைக் கொடுத்த முஸ்லிம்களின், வலிந்து மதம் மாற்றப்பட்ட சந்ததியினர் அமெரிக்காவுக்குப் போவதற்குச் சட்டமே தடை போட்டிருந்தது. 1609க்கும் 1614க்கும் இடையில் ஸ்பெயினிலிருந்தே அவர்கள் துரத்தப்பட்டார்கள். ஆளை விரட்டிவிட்டு அவன் வீட்டுக் கதவைக் கழற்றித் தன் வீட்டுக்கு மாட்டிக்கொண்டவனைப் பார்த்து, "பாருங்கள், எங்கள் கதவு எவ்வளவு தூரம் போயிருக்கிறது" என்று நாம் மார்தட்டலாமா?

இந்தச் சதுக்கத்தில் வேறொன்றும் நடந்தது. லீமாவில் 1570இல் தொடங்கிய மதவிசாரணை மன்றம், 1639 ஜனவரி 23இல் இங்கே பெருங்கூட்டத்தின் முன்னே தீர்ப்பு வாசித்தது. இரகசியமாக யூத மதத்தைப் பின்பற்றியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட பத்துக்கு மேற்பட்டோர் எரிக்கப்பட்டனர். அவர்கள் நம்மவர்கள் அல்லர்தான். ஆனால் 1492இல் கிரனடாவைப் பிடித்த அதே அரசர்கள் அதே ஆண்டில் யூதர்களையும் வெளியேற்றினார்கள் என்பதை அறிந்தவனுக்கு, அந்த நெருப்பு அந்நியமானதல்ல.

லீமாவில் முஸ்லிமைத் தேடித்தான் ஆகவேண்டும் என்றால், பல்கனியை அண்ணாந்து பார்ப்பதை விட்டுத் தரையைப் பாருங்கள். 1614ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரத்தின் சுமார் 25,000 பேரில் 10,000க்கு மேற்பட்டோர் கறுப்பினத்தவர். மிகப் பெரும்பாலோர் அடிமைகள், அல்லது அடிமைகளின் பிள்ளைகள். மேற்கு ஆபிரிக்காவின் வொலோஃப் மக்களை அடிமைகளாகக் கொண்டுவருவதை ஸ்பானிய முடி 16ஆம் நூற்றாண்டிலேயே தடுக்கப் பார்த்தது. கிளர்ச்சி செய்கிறார்கள், இஸ்லாத்தைப் பரப்புவார்கள் என்ற பயம். தடை போட வேண்டியிருந்தது என்பதே அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள் என்பதற்குச் சாட்சி. 1651இல் நிறுவிய அந்த வெண்கல நீரூற்றிலிருந்து வீடுவீடாகத் தண்ணீர் சுமந்தவர்கள் கறுப்பினத்தவரே. அவர்களில் யாரேனும் அந்த நீரில் மறைவாக வுழூச் செய்திருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம். பெருவில் அடிமைமுறை ஒழிந்தது 1854இல். அவர்களைப் பற்றி நம்முடைய மேடைகளில் ஒரு வரிகூட இல்லை. மரத்துக்குக் கிடைத்த மரியாதை மனிதனுக்குக் கிடைக்கவில்லை.

சதுக்கத்தின் ஓரத்திலுள்ள சாந்தா ரோசா நடைபாதைக்குப் போனேன். 1935இல் பேராலயத்தின் முன்னே வைக்கப்பட்ட பிசாரோவின் குதிரைச்சிலை, 1952இல் பக்கத்துச் சிறு சதுக்கத்துக்கு நகர்த்தப்பட்டது. 2003இல் அங்கிருந்தும் அகற்றப்பட்டு, பின்னர் ஆற்றோரப் பூங்காவில் ஒதுக்கப்பட்டது. நகரத்தின் 490ஆவது ஆண்டு நிறைவன்று, 2025 ஜனவரியில், அதை மீண்டும் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். "வரலாற்றை அழிக்கக்கூடாது" என்பது சொல்லப்பட்ட நியாயம். எந்த வரலாறு? அந்தச் சிலையைச் செய்தவர் இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சிற்பி ஒருவர். அது 1535இன் ஆவணமல்ல, 1935இன் துதி. பிசாரோவை நினைவுகூரப் பேராலயத்தில் அவருடைய கல்லறையே இருக்கிறது. அங்கும் 1891இலிருந்து பல தசாப்தங்களாக யாரோ ஒருவருடைய உடலையே பிசாரோ என்று காட்டிவந்தார்கள். அசல் மண்டையோடு ஓர் ஈயப் பெட்டியில் அகப்பட்டது 1977இல்!

அதே நடைபாதையில் ஒரு பாறாங்கல் இருக்கிறது. பிசாரோ வரும்போது இந்தப் பள்ளத்தாக்கை ஆண்ட தவுலிசூஸ்கோவின் நினைவாக 1985இல் வைத்தது. முகமில்லை, குதிரையில்லை. உல்லாசப் பயணிகள் அதைக் கடந்து சிலையைப் படம் எடுக்கப் போகிறார்கள். 2023 ஜனவரியில் தென்பகுதி மலைநாட்டிலிருந்து நீதி கேட்டுத் தலைநகருக்கு வந்த கெச்சுவா, அய்மாரா மக்களுக்கு இந்தச் சதுக்கம் பொலிஸ் தடுப்புகளால் மூடப்பட்டிருந்தது. அந்த மாதங்களின் ஆர்ப்பாட்டங்களில் ஏறத்தாழ 50 பேர் உயிரிழந்தார்கள். கல்லின் சொந்தக்காரர்களுக்குச் சதுக்கம் இன்றும் இலகுவில் திறப்பதில்லை.

இதெல்லாம் நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். 1580 முதல் 1640 வரை ஸ்பெயினும் போர்த்துக்கல்லும் ஒரே மன்னருக்குக் கீழ் இருந்தன. 1626இல் போர்த்துக்கேயர் தம்முடைய ஆட்சிப் பகுதியிலிருந்து நம்மை வெளியேற்றியதையும், கண்டி மன்னன் செனரத் ஏற்று மட்டக்களப்பில் குடியமர்த்தியதையும் நாம் மறப்பதில்லை. அன்று கொழும்பிலிருந்த போர்த்துக்கேயத் தளபதியும் லீமா சதுக்கத்தில் கொலுவிருந்த ஸ்பானியப் பிரதிநிதியும் பணிந்தது ஒரே மன்னருக்கு, நான்காம் பிலிப்புக்கு. சந்தியாகோவின் குதிரையின்கீழ் கிடந்த "மோரோ"வின் போர்த்துக்கேய வடிவத்திலிருந்துதான் நம்முடைய பிறப்புச் சாட்சிப் பத்திரத்தின் "மூர்" வந்தது.

அந்தச் சொல்லால் பெயர் சூட்டப்பட்டவர்கள், அதைச் சூட்டியவனுடைய முகப்பை நம் பெருமை என்று கொண்டாடுவது அறியாமை. அறிந்தும் கொண்டாடினால் அதற்கு வேறு பெயருண்டு.

நண்பரே, பல்கனிகளைக் கண்டேன். அழகானவை. அடுத்த கூட்டத்தில் அவற்றைப் பற்றிப் பேசுங்கள்; வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் நீரூற்றில் தண்ணீர் சுமந்தவர்களைப் பற்றியும் அந்தக் கல்லைப் பற்றியும் பேசிவிட்டு, அதன் பிறகு பேசுங்கள். அப்போதும் கைதட்டல் எழுகிறதா என்று பார்ப்போம்.