பெங்களூரு வட்டாரக் கல்வெட்டு மைப்படிகளை இணையத்தில் கட்டணமின்றி வெளியிடக் கோரும் மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
தமிழ் வாசகர் சங்கம்,
காக்ஸ் டவுன், பெங்களூரு.

பெறுநர்:
இயக்குநர் (கல்வெட்டியல்),
இந்தியத் தொல்லியல் துறை, மைசூரு.

நகல்: கர்நாடக அரசின் தொல்லியல், அருங்காட்சியகங்கள் மற்றும் மரபுத் துறை.

பொருள்: பெங்களூரு, கோலார் வட்டார இடைக்காலக் கல்வெட்டுகளின் மைப்படிகளையும் வாசகங்களையும் இணையத்தில் வெளியிட வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

எங்கள் பகுதிக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள தோம்லூர் சொக்கநாதசுவாமி கோயிலில் போசளர் காலத் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவ்வூரைத் தோம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் அவை குறிக்கின்றன. மடிவாளம் சோமேசுவரர் கோயிலின் 1247ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டில் வெங்களூர் என்ற பெயர் வருகிறது. பேகூரில் ஏறத்தாழ 890ஆம் ஆண்டைச் சேர்ந்த பழங்கன்னட வீரக்கல் பெங்களூருப் போரைச் சொல்கிறது. இந்நகரின் வரலாறு இரு மொழிகளிலும் வெட்டப்பட்டது. எங்கள் கோரிக்கையும் இரண்டுக்கும் சேர்த்தே.

நிலத்தின் எல்லையையும் தானத்தின் நிபந்தனையையும் ஊரார் அறியவேண்டும் என்றுதான் கோயில் சுவரில் வெட்டினார்கள். அந்தக் கல்லின் மேல் தாளை ஒற்றி மையால் எடுத்த மைப்படி அலமாரிக்குள் அடைந்து கிடப்பது, வெட்டுவித்தவர்களின் எண்ணத்துக்கே மாறானது. சுண்ணாம்புப் பூச்சிலும் சாலை வேலையிலும் கல் அழிந்த இடத்தில் மைப்படியே கடைசிச் சாட்சி. அதுவும் தாள்தான், காலம் அதையும் அரிக்கும்.

பெங்களூரில் பிறந்த கல்வெட்டு ஆய்வாளர் பி. எல். ரைஸ் 1905இல் இம்மாவட்டக் கல்வெட்டுகளை எபிகிராபியா கர்நாடிகா என்னும் கல்வெட்டுத் தொகுப்பு வரிசையின் 9ஆம் தொகுதியாக வெளியிட்டார். இன்று மிதிக் சொசைட்டி என்னும் ஆய்வு அமைப்பு நகரின் கல்வெட்டுகளை முப்பரிமாணத்தில் பதிவுசெய்து பொதுவில் வைக்கிறது. தமிழ் மைப்படிகளை மைசூரிலிருந்து சென்னைக்கு மாற்றும்படி 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. தாள்கள் எவ்வூரில் இருந்தாலும், படங்கள் இணையத்தில் இருந்தால் எல்லா ஊரார்க்கும் கிட்டும். ஒரு லட்சம் கல்வெட்டுகளை மின்னுருவாக்கும் 'பாரத் ஸ்ரீ' திட்டம் 2023 ஒன்றிய வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஆகவே வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை.

எங்கள் கோரிக்கைகள்:

1. பெங்களூரு, கோலார் வட்டாரக் கல்வெட்டுகளை 'பாரத் ஸ்ரீ' திட்டத்தின் முதல் கட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.

2. மைப்படிகளைப் பெரிதாக்கிப் படிக்கும் தெளிவில், கட்டணமும் முன்அனுமதியும் இன்றிப் பதிவிறக்கத் தர வேண்டும்.

3. வாசகத்தைப் படமாக மட்டுமன்றி, சொல் தேடக்கூடிய எழுத்தாகவும் தர வேண்டும். ஊர், அரசர், ஆண்டு ஆகிய விவரங்கள் தமிழிலும் கன்னடத்திலும் இருக்க வேண்டும்.

4. படியெடுத்தும் இதுவரை அச்சேறாத கல்வெட்டுகளின் பட்டியலை முதலில் வெளியிட வேண்டும்.

5. ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் எடுத்தாள, 2012ஆம் ஆண்டின் தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கைப்படி வெளிப்படையான உரிமம் வழங்க வேண்டும்.

தட்டச்சுக்கும் மெய்ப்புத் திருத்தத்துக்கும் எங்கள் உறுப்பினர்கள் ஊதியமின்றி உழைக்கக் காத்திருக்கிறார்கள். தினமும் தோம்லூர் வழியாகப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளை, அக்கோயில் சுவர் சொல்வதைத் தன் வீட்டிலிருந்தே படிக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர்கள் சார்பாக,
தலைவர், செயலாளர்.