வெப்பமூட்டாத குழு இனியும் எதற்கு?

புனேயில் அறுவை நோயாளி குளிர்ந்துபோகிறார் என்றால் துறைக்கு வெளியே உள்ளோர் நம்ப மறுப்பர். கோடையில் 40 டிகிரியைத் தொடும் ஊரல்லவா! ஆனால் அறுவை அரங்குக்குள் அந்த வெயிலுக்கு வேலையில்லை. அங்குக் குளிர்சாதனம் 21 டிகிரியை ஒட்டி நிற்கிறது. அதனினும் பெரிய காரணம் உடலுக்குள்ளேயே இருக்கிறது. பொது மயக்கம் கைகால்களின் இரத்தக் குழாய்களை விரியச் செய்கிறது. நடு உடலில் காக்கப்பட்ட வெப்பம் புறத்தே பாய்கிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி வரை இறங்கிவிடும்.

இதன் விலையும் நாம் அறியாததன்று. 1996இல் குர்ஸ், செஸ்லர், லென்ஹார்ட் ஆகியோர் பெருங்குடல் அறுவைக்குள்ளான 200 பேரை ஆராய்ந்தனர். இயல்பு வெப்பத்தில் காக்கப்பட்டோரில் 6 விழுக்காட்டினருக்கும், குளிர விடப்பட்டோரில் 19 விழுக்காட்டினருக்கும் புண்ணில் தொற்று கண்டது. 2008இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு நெறிகளை வகுத்தது: 36 டிகிரிக்குக் கீழ் இருப்பவருக்கு, அவசரநிலை தவிர, மயக்கம் தொடங்கலாகாது, அரை மணிக்கொரு முறை வெப்பம் அளக்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் நம் நாட்டு முதுநிலை ஆய்வுகளில் ஒரே அமைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது: ஒரு குழுவுக்கு வெதுவெதுப்பான காற்றூதும் போர்வை, மறு குழுவுக்கு வெறும் துணி. முடிவு தொடங்குமுன்பே தெரிந்ததுதான். அப்படியெனில் அந்த மறு குழு எதற்காகக் குளிர்ந்தது? ஒரு பட்டத்திற்காகவா? நிறுவப்பட்ட சிகிச்சை இருக்கையில் அதனை மறுக்கும் கட்டுப்பாட்டுக் குழுவுக்குத் தக்க காரணம் காட்ட வேண்டுமென்பது ஆய்வு அறத்தின் அரிச்சுவடி.

2022இல் லான்செட்டில் வந்த புரொடெக்ட் ஆய்வைச் சிலர் கேடயமாக்குகின்றனர். 5,056 நோயாளிகளில், 37 டிகிரிக்கும் 35.5 டிகிரிக்கும் இடையே பெரிய வேறுபாடு தென்படவில்லை என்பது உண்மையே. ஆனால் அங்கு இரு குழுவினருக்கும் வெப்பம் அளக்கப்பட்டது. இரண்டாம் குழுவும் 35.5க்குக் கீழே சரியாமல் காக்கப்பட்டது. அளக்காமல் விடுவதற்கு அந்த ஆய்வு உரிமம் தரவில்லை.

'கருவிக்குப் பணமில்லை' என்பது மற்றொரு வாதம். அதனை மதிக்கிறேன். எனினும் ஒற்றைப் போர்வையே தோல்வழி வெப்ப இழப்பை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைக்கும். வெப்பமானி அப்படியொன்றும் அரும்பொருள் அன்று.

ஆய்வுக்கு வினாக்கள் இல்லாமற் போகவில்லை. நம் காத்திருப்பு அறைகளில் எத்தனை நிமிட முன்வெப்பமூட்டல் போதும்? மலிவான முறைகளுள் எது விலையுயர்ந்த கருவிக்கு நிகராகும்? இருக்கும் வெப்பமானி ஏன் பயன்படுவதில்லை? இவற்றுக்கு எவரையும் குளிர விட வேண்டியதில்லை.

வழிகாட்டி தந்த தலைப்பை மாணவர் மறுப்பது எளிதன்று. ஆகவே மறுக்க வேண்டியது நெறிமுறைக் குழுவே. அடுத்த கூட்டத்தில் வெப்பமூட்டாத குழுவுடன் ஒரு முன்மொழிவு வந்தால், அதனைத் திருப்பியனுப்புங்கள்.